கணினி அறிவியலில் பிஎச்.டி: விண்ணப்பம் முதல் வைவா (வாய்மொழித் தேர்வு) வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினி அறிவியலில் பிஎச்.டி முடித்து, இப்போது சில ஆய்வு மாணவர்களுக்கு நெறியாளராக இருக்கிறேன். கல்லூரியில் பார்க்கிறவர்கள், பழைய மாணவர்கள், உறவினர் வீட்டுப் பிள்ளைகள் என்று யாராவது ஒருவர் இதைப் பற்றிக் கேட்டபடியே இருக்கிறார்கள். கேட்கிற ஆள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் அவையேதான். இந்தியாவில், அதிலும் தமிழ்நாட்டில் சேர நினைப்பவர்களை மனதில் வைத்துப் பதில்களை எழுதியிருக்கிறேன். விதி என்று கீழே நான் சொல்வதெல்லாம் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2022 நவம்பரில் அறிவித்த பிஎச்.டி விதிமுறைகளை. ஐஐடி போன்ற நிறுவனங்களுக்குத் தனி விதிகள் உண்டு. பல்கலைக்கழகங்களும் தங்கள் பங்குக்குச் சில நிபந்தனைகள் வைத்திருக்கும். சேரப் போகும் இடத்தின் விதிப் புத்தகத்தை ஒருமுறை முழுதாக வாசித்துவிடுங்கள். இரண்டு மணி நேரம்கூட ஆகாது.

பி.இ. மட்டும்தான் முடித்திருக்கிறேன். நேராகப் பிஎச்.டி சேர முடியுமா?

முடியும். நான்கு ஆண்டு இளநிலைப் படிப்பில் 75 சதவீத மதிப்பெண் அல்லது அதற்கு இணையான கிரேடு இருக்க வேண்டும். எஸ்சி, எஸ்டி, கிரீமி லேயருக்குள் வராத ஓபிசி, மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் பின்தங்கிய பிரிவினர் ஆகியோருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. ஐஐடிகளில் பி.டெக் முடித்தவர்களை நேரடியாகச் சேர்ப்பது வெகுநாளாகவே வழக்கத்தில் இருக்கிறது.

ஆனாலும் பி.இ. முடித்த கையோடு யாராவது கேட்டால், முதலில் எம்.எஸ். பை ரிசர்ச் பற்றி யோசிக்கச் சொல்வேன். ஐஐடி மெட்ராஸில் அந்தப் படிப்பு இருக்கிறது. பாடம் கொஞ்சம், ஆராய்ச்சி அதிகம். ஆராய்ச்சி நமக்கு ஒத்துவருகிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். பிடித்துப்போனால் அங்கிருந்து பிஎச்.டி-க்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறது. பிடிக்கவில்லையென்றாலும் கையில் ஒரு நல்ல பட்டம் மிஞ்சும்.

எம்.சி.ஏ., எம்.எஸ்சி. முடித்தவர்கள்?

தாராளமாகச் சேரலாம். முதுநிலையில் 55 சதவீதம் போதும். முன்பு சொன்ன 5 சதவீதத் தளர்வு இங்கேயும் பொருந்தும். பல்கலைக்கழகத்தில் உங்கள் பட்டம் எந்தப் புலத்தின் கீழ் வருகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, அண்ணா பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பொறியியல் ஆய்வுகள் தகவல் தொடர்புப் பொறியியல் புலத்தில் இருக்கின்றன. சேரும்போது பதிவாகும் புலத்தின் பெயர் பின்னால் வேலைக்கான தகுதிச் சரிபார்ப்பில் கேள்வியாக வரலாம் என்பதால் சொல்கிறேன்.

எம்.ஃபில் முடித்திருக்க வேண்டுமா?

வேண்டாம். 2022 விதிகளோடு எம்.ஃபில் நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்கு முன்பே முடித்தவர்களின் பட்டம் செல்லும்.

எந்தத் தேர்வு எழுத வேண்டும்? கேட்டா, நெட்டா?

போகும் இடத்தைப் பொறுத்தது. ஐஐடி, என்ஐடி என்றால் கேட் (GATE) தேர்வு. கணினி அறிவியலுக்கு சிஎஸ் தாள் இருக்கிறது. 2024 முதல் தரவு அறிவியலுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் சேர்த்து டிஏ என்ற தாளும் வந்திருக்கிறது. 3 மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். கேட் மதிப்பெண் 3 ஆண்டுகளுக்குச் செல்லும்.

பல்கலைக்கழகங்கள், கலை அறிவியல் கல்லூரிகள் என்றால் யுஜிசி நெட் (NET) தேர்வு. 2024 ஜூன் தேர்விலிருந்து அதன் முடிவுகள் மூன்று வகையாக வருகின்றன: ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கும் தகுதி பெறுபவர்கள், உதவிப் பேராசிரியர் பணிக்கும் பிஎச்.டி சேர்க்கைக்கும் தகுதி பெறுபவர்கள், பிஎச்.டி சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெறுபவர்கள். பின்னிரண்டு வகையினருக்குச் சேர்க்கையின்போது நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதமும் நேர்காணலுக்கு 30 சதவீதமும் எடை தருவார்கள். அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும், கவனம். பல பல்கலைக்கழகங்கள் சொந்தமாகவும் நுழைவுத் தேர்வு வைக்கின்றன. அதில் பாதிக் கேள்விகள் ஆய்வு முறையியல், மீதிப் பாதி பாடம்.

கோட்பாட்டுக் கணினியியலில் ஆர்வம் உள்ளவர்களுக்குச் சென்னையிலேயே இரண்டு அருமையான இடங்கள் உள்ளன: தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், சிறுசேரியில் சென்னை கணிதவியல் நிறுவனம். கணித அறிவியல் நிறுவனத்துக்கு ஜெஸ்ட் தேர்வில் கோட்பாட்டுக் கணினியியல் தாள் எழுதலாம். தமிழ்நாட்டுக் கணினி மாணவர்களில் பாதிப் பேருக்கு இந்த இரண்டு பெயர்களும் தெரியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அல்காரிதமும் கணிதமும் பிடித்தவர்கள் இவற்றைப் பார்க்காமல் வேறெங்கும் விண்ணப்பிக்காதீர்கள்.

தேர்வில் தேறிய பிறகு நேர்காணல். அங்கே டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம், நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம் இவற்றின் அடிப்படைகளைத்தான் துருவுவார்கள். 'எனக்கு டீப் லேர்னிங் தெரியும்' என்று சொன்னவரிடம் ஒரு அணியின் ஐகன் மதிப்பு எதைக் குறிக்கிறது என்று கேட்பார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். தெரிந்ததிலிருந்து யோசித்து இரண்டு அடி முன்னால் நகர்கிறீர்களா என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

முழுநேரமா, பகுதிநேரமா?

வேலையை விட முடிந்தால் முழுநேரம். வீட்டு நிலைமை இடம் கொடுக்காதவர்களுக்குப் பகுதிநேரம் இருக்கிறது. விதிப்படி அதற்கு நீங்கள் வேலை செய்யும் இடத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். ஆய்வுக்குப் போதிய நேரம் தருவோம், தேவைப்பட்டால் கோர்ஸ்வொர்க் (முதல் ஆண்டுப் பாடங்கள்) முடிக்க விடுப்பும் தருவோம் என்று அதில் எழுதித் தர வேண்டும். அந்தச் சான்று வாங்குவதற்குள்ளேயே சிலருக்கு ஒரு வருடம் போய்விடுகிறது.

பகுதிநேரத்தில் நன்றாக முடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லாரிடமும் ஒரு பழக்கம் பொதுவாக இருந்தது: தினமும் விடியற்காலையில் ஒன்றரை மணி நேரமாவது ஆய்வோடு உட்கார்ந்தார்கள். 'வார விடுமுறையில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம்' என்றவர்களுக்குச் சனிக்கிழமை காலை முழுதும் போன வாரம் எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே கழிந்தது.

அஞ்சல் வழியிலோ ஆன்லைனிலோ பிஎச்.டி தருகிறோம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து ஒரே வருடத்தில் முடித்துத் தருகிறோம் என்று வரும் விளம்பரங்களை நம்பாதீர்கள். அப்படிப்பட்ட ஆன்லைன் பிஎச்.டி-க்கு அங்கீகாரம் கிடையாது என்று யுஜிசியும், தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் ஏஐசிடிஇ-யும் 2022 அக்டோபரில் சேர்ந்தே எச்சரித்திருக்கின்றன.

உதவித்தொகை எவ்வளவு கிடைக்கும்?

யுஜிசி ஜேஆர்எஃப் மாதம் ரூ. 37,000, இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வாளர்) ஆகும்போது ரூ. 42,000. இது 2023 ஜனவரி முதல் கணக்கிட்டு உயர்த்தப்பட்ட தொகை. வீட்டு வாடகைப்படி தனி. ஐஐடி முழுநேர ஆய்வாளர்களுக்கும் ஏறத்தாழ இதே அளவு. பதிலுக்கு வாரத்தில் சில மணி நேரம் ஆய்வகம் பார்ப்பது, விடைத்தாள் திருத்துவது போன்ற உதவிப் பணிகள் இருக்கும். பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டம் 2018-இல் தொடங்கியபோது முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் ரூ. 70,000, பிறகு 75,000, கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு 80,000 என்று வைத்தார்கள். அதற்குப் போட்டி கடுமை. மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் விஸ்வேஸ்வரய்யா திட்டம் நம் துறைக்கென்றே வந்தது. எஸ்சி, ஓபிசி மாணவர்களுக்குத் தேசிய உதவித்தொகைகள் தனியாக உண்டு. தமிழக அரசின் ஆதிதிராவிடர் நலத்துறையும் முழுநேர ஆய்வாளர்களுக்கு ஊக்கத்தொகை தருகிறது.

பணம் மாதாமாதம் சரியாக வரும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். மூன்று, நான்கு மாதம் சேர்த்து வருவது சகஜம். சேருவதற்கு முன் அரை வருடச் செலவுக்காவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய பொறுப்பு இருந்தால் இதை வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

நெறியாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

என்னைக் கேட்டால் மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இது பெரியது. ஐந்து ஆண்டுகள் நீங்கள் எப்படி வாழப் போகிறீர்கள் என்பது இதில்தான் இருக்கிறது.

முதலில் விதி. பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். ஓய்வுபெற 3 ஆண்டுகளுக்குக் குறைவாக இருப்பவர் புது ஆய்வாளரைச் சேர்க்கக் கூடாது. ஆகவே காலியிடம் இருக்கிறதா, ஓய்வு எப்போது என்று கேட்பதில் தவறில்லை. கூச்சப்படாதீர்கள்.

அப்புறம், அவருடைய கடைசி மூன்று ஆண்டுக் கட்டுரைகளில் இரண்டை எடுத்து முழுதாக வாசியுங்கள். புரியாவிட்டாலும் பரவாயில்லை; வாசிக்க வாசிக்க மேலும் தெரிந்துகொள்ளத் தோன்றுகிறதா என்று பாருங்கள். அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் ஷோத்கங்கா தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒருவர் வேலைக்கும் அடுத்தவர் வேலைக்கும் ஏதாவது தொடர்ச்சி இருக்கிறதா என்று கவனியுங்கள்.

தொடர்ச்சியை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஒரு கேள்வி உயிரோடு இருக்கும் இடத்தில் புதிதாக வருபவருக்குக் கிடைக்கும் பலம் வேறெங்கும் கிடைக்காது. 2002 ஆகஸ்டில் ஐஐடி கான்பூரில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா மூவரும், ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்பதைப் பல்லுறுப்புக்கோவை நேரத்துக்குள் (எண்ணின் இலக்கங்கள் கூடினாலும் கட்டுக்கடங்காமல் பெருகாத நேரம்) ஐயமின்றிச் சொல்லும் முறையைக் கண்டுபிடித்தார்கள். கயலும் சக்சேனாவும் அந்த ஆண்டுதான் பி.டெக் முடித்தவர்கள். ஆனால் அந்தக் கண்டுபிடிப்பு ஒரே நாளில் வந்ததில்லை. முந்தைய ஆண்டு மாணவர்கள் இருவர் அதே கேள்வியை பி.டெக் திட்டப்பணியாக எடுத்துக் கொஞ்சதூரம் போயிருந்தார்கள்; அவர்கள் விட்ட இடத்திலிருந்து இவர்கள் தொடர்ந்தார்கள். அவர்களுடைய ஆசிரியர் அந்தக் கேள்வியை வருடக்கணக்கில் கைவிடாமல் வைத்திருந்தார். 2006-இல் அதற்குக் கோட்பாட்டுக் கணினியியலுக்கான கோடல் பரிசு கிடைத்தது. நம் எல்லாருக்கும் அப்படி ஒன்று வாய்க்காது, சரி. ஆனால் ஒவ்வொரு மாணவருக்கும் சம்பந்தமே இல்லாத தலைப்பைக் கொடுக்கும் இடத்தில் நீங்கள் முதல் ஆண்டு முழுவதும் தனியாகவே நடக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, மிக முக்கியமாக, அவரிடம் இப்போது ஆய்வு செய்துகொண்டிருப்பவர்களைத் தனியாகச் சந்தித்து ஒரு டீ குடியுங்கள். மாதத்துக்கு எத்தனை முறை உட்கார்ந்து பேசுகிறார், வரைவைக் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருகிறார், கட்டுரையில் யார் பெயர் முதலில் வருகிறது, சொந்த வேலைகளுக்கு அனுப்புகிறாரா, போன ஐந்து ஆண்டுகளில் எத்தனை பேர் பாதியில் நின்றார்கள் என்றெல்லாம் கேளுங்கள். என்னோடு படித்த ஒரு தோழிக்கு நெறியாளர் அமையவில்லை. மூன்றாம் ஆண்டில் அழுதுகொண்டே ஆளை மாற்றினாள். முதல் இரண்டு ஆண்டு உழைப்பில் பெரும்பகுதி வீணாயிற்று. அந்த ஆய்வகத்தில் முன்பு இருந்த ஒருவரிடம் பத்து நிமிடம் பேசியிருந்தால் அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.

சேர்ந்த முதல் ஆண்டில் என்ன நடக்கும்?

கோர்ஸ்வொர்க். குறைந்தது 12 கிரெடிட் பாடங்கள் படித்து 55 சதவீதமாவது எடுக்க வேண்டும். ஆய்வு, வெளியீட்டு நெறிகள் பற்றிய தாள் ஒன்று கட்டாயம். நெறியாளரும் மற்ற உறுப்பினர்களும் சேர்ந்த ஆய்வு ஆலோசனைக் குழு ஒன்றை அமைப்பார்கள். பொறியியல் பக்கம் இதை டிசி, அதாவது டாக்டோரல் கமிட்டி என்போம். ஒவ்வொரு பருவத்திலும் அந்தக் குழு முன்னால் நின்று செய்த வேலையைச் சொல்ல வேண்டும்.

பாடம் முடிந்ததும் காம்ப்ரிஹென்சிவ் தேர்வு. அண்ணா பல்கலைக்கழகத்தில் முதலில் கிடைப்பது தற்காலிகப் பதிவுதான். இந்தத் தேர்வில் தேறிய பிறகே பதிவு உறுதியாகும். ஐஐடிகளிலும் இதுபோன்ற தேர்வு உண்டு. எழுத்தாகவோ வாய்மொழியாகவோ இருக்கும். படித்த பாடங்களையும், எடுத்துக்கொண்ட ஆய்வுப் பரப்பில் இதுவரை யார் என்ன செய்திருக்கிறார்கள் என்பதையும் கேட்பார்கள்.

கோர்ஸ்வொர்க் பாடங்களைச் சடங்காக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று ஒவ்வொரு புது மாணவரிடமும் கெஞ்சுவேன். இயந்திரக் கற்றலில் ஆய்வு செய்யப் போகிறவர் நிகழ்தகவு, உகப்பாக்கம் இரண்டையும் இந்த ஓர் ஆண்டில் ஊன்றிப் படித்தால்தான் உண்டு. பிறகு நேரம் கிடைக்காது.

ஆய்வுத் தலைப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

தலைப்பைத் தேடாதீர்கள், கேள்வியைத் தேடுங்கள். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஒரு மாணவர் வந்து, 'டீப் லேர்னிங்கைப் பயன்படுத்தித் தமிழ்ப் பேச்சை எழுத்தாக்குதல்' என்கிறார். இதில் கேள்வியே இல்லை. எழுத்தாக்கும் கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. சரி, அவை எங்கே தடுமாறுகின்றன? நாம் பேசும்போது ஆங்கிலச் சொல்லோடு தமிழ் விகுதி ஒட்டிக்கொள்கிறது: 'ஆபீஸுக்கு', 'டவுன்லோடாயிடுச்சு', 'மேனேஜர்கிட்ட'. ஒரே சொல்லுக்குள் மொழி மாறும் அந்த இடத்தில் கருவி எப்படிப் பிழை செய்கிறது? அந்தப் பிழை ஒலியை அடையாளம் காண்பதில் வருகிறதா, அடுத்த சொல்லை ஊகிப்பதில் வருகிறதா? விகுதியைத் தனி அலகாகப் பிரித்துக் கற்பித்தால் பிழை குறைகிறதா? இப்போது அவரிடம் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்க்க முடியும். 'இல்லை, குறையவில்லை' என்று விடை வந்தாலும் சொல்வதற்கு ஒரு செய்தி இருக்கும்.

நான் மதிப்பிட வரும் ஆய்வேடுகளில் அடிக்கடி காண்பது வேறு. பொதுவில் கிடைக்கும் ஒரு தரவுத் தொகுப்பு, மூன்று நான்கு முறைகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு மாதிரி, முடிவில் 98 சதவீதத் துல்லியம். அந்த 98 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இல்லை. பல நேரம் தரவுக் கசிவாக இருக்கும்: ஒரே நோயாளியின் படங்கள் பயிற்சித் தொகுப்பிலும் சோதனைத் தொகுப்பிலும் இருந்திருக்கும், அல்லது தொகுப்பைப் பிரிப்பதற்கு முன்பே எல்லாத் தரவையும் வைத்து அம்சங்களைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். அந்த மாணவர் வேண்டுமென்றே செய்ததில்லை. இரண்டாம் ஆண்டில் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நிரலைப் பார்த்திருந்தால் அன்றைக்கே சரியாகியிருக்கும். ஒவ்வொரு சோதனையையும் வெவ்வேறு சீட் எண்களோடு (தற்செயல் தேர்வுகளுக்கான தொடக்க எண்கள்) பலமுறை ஓட்டுங்கள், எளிய அடிப்படை முறையோடு ஒப்பிடுங்கள், நீங்கள் சேர்த்த ஒவ்வொரு பகுதியையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். எது வேலை செய்கிறது என்று அப்போதுதான் உங்களுக்கே தெரியும்.

எத்தனை கட்டுரை வெளியிட வேண்டும்? ஜர்னலா, கான்ஃபரன்ஸா?

யுஜிசியின் 2016 விதிகளில் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையும் இரண்டு கருத்தரங்க உரைகளும் கட்டாயமாக இருந்தன. 2022 விதிகள் அதை எடுத்துவிட்டன. ஆனால் பல்கலைக்கழகங்கள் சொந்த நிபந்தனை வைக்கலாம், பல இடங்களில் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் குறிப்பிட்ட பட்டியலில் உள்ள ஆய்விதழ்களில் வந்தாக வேண்டும்.

இங்கே நம் துறைக்கே உரிய ஒரு சங்கடம் இருக்கிறது. மற்ற அறிவியல்களில் ஆய்விதழ்தான் பெரிது. கணினி அறிவியலில் முதல்தரமான வேலை பெரும்பாலும் கருத்தரங்குகளில்தான் வருகிறது. இயந்திரக் கற்றலுக்கு நியூரிப்ஸ், ஐசிஎம்எல், மொழிக்கு ஏசிஎல், படங்களுக்கு சிவிபிஆர், கோட்பாட்டுக்கு ஸ்டாக், ஃபாக்ஸ், வலையமைப்புக்கு சிக்காம். முழுக் கட்டுரையை மூன்று, நான்கு பேர் படித்து மதிப்பிடுவார்கள்; அவர்கள் எழுப்பும் கேள்விகளுக்குச் சில நாட்களுக்குள் பதில் எழுத வேண்டும். பெரும்பாலானவை நிராகரிக்கப்படும். ஆனால் இப்படி ஏற்கப்பட்ட ஒரு கட்டுரையை 'கான்ஃபரன்ஸ்தானே' என்று ஒதுக்கி, ஆய்விதழ் மட்டும் கணக்கில் சேரும் என்று சொல்லும் விதிகள் இன்னும் இருக்கின்றன. என் யோசனை: நல்ல கருத்தரங்குக்கு முதலில் அனுப்புங்கள், பிறகு அதை விரிவாக்கி ஆய்விதழுக்கு அனுப்புங்கள். இரண்டு கணக்கும் நேராகும். என் முதல் கட்டுரை மூன்று முறை திரும்பி வந்து நான்காம் முறை ஏற்கப்பட்டது. மூன்றாவது முறை வந்த மதிப்பீட்டில் ஒருவர் எழுதியிருந்த ஒரு பத்திதான் என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயமாக வளர்ந்தது.

காசு கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடுகிறோம் என்கிறார்களே?

விலகிப் போய்விடுங்கள். நேர்மையாக மதிப்பிட மாதங்கள் ஆகும். பெயர் பெற்ற பதிப்பகம், ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இருக்கிறது என்பது மட்டும் பாதுகாப்பாகிவிடாது. 2023-இல் மட்டும் ஹிந்தாவி என்ற பதிப்பகத்தின் ஆய்விதழ்களில் வந்த 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. மதிப்பீட்டு நடைமுறையிலேயே மோசடி நடந்திருந்தது தெரிய வந்ததுதான் காரணம். திரும்பப் பெற்ற கட்டுரை உங்கள் பெயரோடு என்றைக்கும் இணையத்தில் இருக்கும். யுஜிசி ஏற்கும் ஆய்விதழ்களைக் காட்டிய யுஜிசி-கேர் பட்டியலும் 2025 தொடக்கத்தில் கைவிடப்பட்டுவிட்டது. ஆக, உங்கள் துறையில் நீங்கள் மதிக்கும் பத்துக் கட்டுரைகள் எங்கே வந்திருக்கின்றன என்று பாருங்கள், அங்கே அனுப்புங்கள்.

'முழு தீசிஸும் எழுதித் தருகிறோம், இம்ப்ளிமென்டேஷனும் சேர்த்து' என்று வருபவர்களுக்கும் இதே பதில்தான். கல்லூரி வாசலிலேயே துண்டுப் பிரசுரம் தருகிறார்கள். நெருக்கடியில் இருக்கும் பிள்ளைகள், குறிப்பாக வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் ஆசிரியர்கள், அதில் விழுவதைப் பார்த்து மனம் வலித்திருக்கிறது. ஆய்வு தேங்கி நின்றால் உங்கள் குழுவிடம் வெளிப்படையாகச் சொல்லிக் கால நீட்டிப்பு கேளுங்கள். அதில் அவமானம் எதுவும் இல்லை.

சாட்ஜிபிடி போன்றவற்றைப் பயன்படுத்தலாமா?

ஆங்கில நடையைச் சீராக்கவும், நிரலில் பிழை தேடவும் பலர் பயன்படுத்துகிறார்கள். ஏசிஎம், எல்செவியர் போன்ற பதிப்பாளர்கள் செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கட்டுரையாசிரியராகக் காட்டக் கூடாது, பயன்படுத்தியதைத் தெரிவிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். மேற்கோள் பட்டியலை மட்டும் ஒருபோதும் அதனிடம் கேட்டு நிரப்பாதீர்கள். இல்லாத கட்டுரைகளை இருப்பதுபோல எழுதித் தரும். நீங்கள் கையில் எடுத்து வாசிக்காத கட்டுரை உங்கள் பட்டியலில் இருக்கவே கூடாது.

எங்கள் கல்லூரியில் ஜிபியு (பெரிய மாதிரிகளை ஓட்டத் தேவையான வேகக் கணிப்பு அட்டை) இல்லை. என்ன செய்வது?

தேசிய மீக்கணினித் திட்டத்தின் கீழ் பல இடங்களில் பரம் வரிசைக் கணினிகள் வைத்திருக்கிறார்கள். திருச்சி என்ஐடி-யில் 2022-இல் வந்த 838 டெராஃப்ளாப்ஸ் மீக்கணினிக்குப் பரம் பொருள் என்று பெயர். அப்படிப்பட்ட இடங்களை உங்கள் நெறியாளர் வழியாக அணுகிக் கேட்டுப் பாருங்கள். அதோடு, கணினித் திறன் குறைவாக இருப்பதையே கேள்வியாக்க முடியும். சிறிய மாதிரிகள், குறைந்த தரவு, பழைய செல்பேசியிலும் ஓடக்கூடிய முறைகள் என்று நமக்கு அவசியமான நல்ல கேள்விகள் அந்தப் பக்கம் நிறைய இருக்கின்றன.

மொத்தம் எத்தனை ஆண்டுகள்?

குறைந்தது 3, அதிகபட்சம் 6. மறுபதிவு செய்து மேலும் 2 ஆண்டு வாங்கலாம். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் இயலாமை உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு, ஆக மொத்தம் 10 வரை. முழுநேரமாக வருபவர்கள் நான்கரை முதல் ஐந்தரை ஆண்டு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னும் இரண்டு. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காக மொத்தம் 240 நாள் வரை விடுப்பு உண்டு. திருமணம் போன்ற காரணத்தால் ஊர் மாற நேர்ந்தால், வேறு நிதி நிறுவனத்தின் திட்டத்தைச் சேர்ந்த ஆய்வாக இல்லாத பட்சத்தில், ஆய்வுத் தரவை எடுத்துக்கொண்டு புது இடத்தில் தொடர விதி இடம் தருகிறது. 'கல்யாணம் ஆகிவிட்டது, பிஎச்.டி போய்விட்டது' என்று நின்றவர்களில் எத்தனையோ பேருக்கு இந்த விதி இருப்பதே தெரியாது. உங்கள் தங்கைகளிடம், மாணவிகளிடம் சொல்லுங்கள்.

பாதியில் விட்டுவிடலாம் போலிருக்கிறது. தப்பா?

தப்பில்லை. மூன்றாம் ஆண்டில் எல்லாருக்கும் இது வரும், எனக்கும் வந்தது. முடிவெடுப்பதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்: கேள்வி பிடிக்கவில்லையா, அல்லது சூழல் தாங்கவில்லையா? சூழல்தான் என்றால் நெறியாளரையோ இடத்தையோ மாற்ற முடியும். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல் இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள், ஆய்வு காத்திருக்கும். கேள்வியே அலுத்துவிட்டது என்றால் வெளியே வாருங்கள். நல்ல நிரல் எழுதத் தெரிந்த, சிக்கலான விஷயத்தைப் பொறுமையாக வாசிக்கத் தெரிந்த ஒருவருக்கு வெளியே வேலை காத்திருக்கிறது.

ஆய்வேடு எழுதும் கட்டத்தில் எதில் கவனம் வேண்டும்?

வேலை முடிந்துவிட்டது என்று குழு ஒப்புக்கொண்டால், எல்லாரும் வந்து கேட்கக்கூடிய ஒரு முன்னோட்ட உரை நடத்த வேண்டும். பிறகு சினாப்சிஸ் எனும் ஆய்வுச் சுருக்கம், அதன் பின் ஆய்வேடு. எழுதுவதற்கு முழுதாக ஆறு மாதம் ஒதுக்குங்கள். வெளிவந்த கட்டுரைகளை அப்படியே ஒட்டவைத்தால் ஆய்வேடு ஆகாது. முதல் கேள்வியிலிருந்து கடைசி விடை வரை ஒரே குரலில் மறுபடி எழுத வேண்டும்.

பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் சிக்கல் இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும், 60 வரை என்றால் ஓராண்டு திருத்திச் சமர்ப்பிக்கவே முடியாது, அதற்கு மேல் பதிவே ரத்தாகும். இது 2018-இல் வந்த தனி விதி. சதவீதத்தைக் குறைக்கச் சொற்களை மாற்றிப் போடும் வேலையில் இறங்காதீர்கள். வாசித்த கட்டுரையை மூடி வைத்துவிட்டு, புரிந்ததை உங்கள் சொல்லில் எழுதினால் சதவீதம் தானாகக் குறையும்.

வைவா எப்படி நடக்கும்?

ஆய்வேட்டை வெளியிலிருந்து இரண்டு தேர்வாளர்களாவது மதிப்பிடுவார்கள். முடிந்தால் ஒருவர் வெளிநாட்டவராக இருக்கலாம். ஒருவர் ஏற்று ஒருவர் மறுத்தால் மூன்றாமவருக்குப் போகும், அவரும் மறுத்தால் ஆய்வேடு நிராகரிக்கப்படும். சமர்ப்பித்ததிலிருந்து வைவா வரை ஆறு மாதத்துக்குள் முடிய வேண்டும் என்பது விதி. காத்திருப்பு நீண்டால் ஆய்வுப் பிரிவு அலுவலகத்துக்கு எழுத்தில் நினைவூட்டுங்கள்.

வைவா திறந்த அரங்கில் நடக்கும், யாரும் வந்து கேட்கலாம். நாற்பது நிமிடம் போல நீங்கள் பேசுவீர்கள், பிறகு கேள்விகள். உங்கள் முறை எங்கே தோற்கும் என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். அந்தப் பதிலை நீங்களே முன்கூட்டி ஒரு சிலைடில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து அம்மா, அப்பாவை அழைத்து வந்து முதல் வரிசையில் உட்கார வையுங்கள். என் அப்பாவுக்கு நான் பேசியதில் ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் தேர்வாளர் எழுந்து பரிந்துரையை வாசித்தபோது அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதை இன்னும் மறக்கவில்லை.

அதன் பிறகு திருத்தங்கள் செய்து இறுதிப் படியைக் கொடுப்பீர்கள், அது ஷோத்கங்காவில் ஏறும், தற்காலிகச் சான்றிதழ் வரும். உங்கள் நிரலையும் தரவுத் தொகுப்பையும் அந்த வாரத்திலேயே பொதுவில் ஏற்றிவிடுங்கள், எப்படி ஓட்டுவது என்று ஒரு குறிப்போடு. வேலையில் சேர்ந்து ஆறு மாதம் போனால் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறதென்று உங்களுக்கே நினைவிருக்காது, அப்போதுதான் உங்கள் ஆய்வேட்டை வாசித்த ஒரு புது மாணவர் மின்னஞ்சலில் கேட்பார்.